கரவன் கூரையில் சோலார் பனல்: கழுவினால் போதுமா?

கேள்வி: எங்கள் கரவனை நிலாவெளிக் கடற்கரைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். கச்சான் காற்றுத் தொடங்கியதிலிருந்து கூரையில் உள்ள சோலார் பனலால் பற்றரி முழுதாக ஏறுவதில்லை. பனல் பழுதா? – வாசகர், நிலாவெளி

பதில்: முதலில் கழுவிப் பாருங்கள். வீட்டுக் கூரையில் பனல் சரிவாக இருப்பதால் மழையே பாதி அழுக்கைக் கொண்டுபோய்விடும். கரவனில் அது தட்டையாகக் கிடக்கிறது, புழுதியும் கடலுப்பும் சட்டத்தின் ஓரத்தில் இறுகிவிடும், போதாததற்குக் காக்கை எச்சம் வேறு. எச்சம் ஒரு கலத்தை (பனலில் தெரியும் சிறு கட்டம்) மறைத்தாலே அதோடு தொடராக இணைந்த கலங்களின் மின்சாரமும் குறையும், அதனால் சின்னப் பொட்டுத்தானே என்று விடாதீர்கள்.

விடிகாலையில், கண்ணாடி சூடேற முன், எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு மெதுவான ஸ்பொஞ்சால் துடையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும், கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர்தான் நல்லது. கம்பிநார் வேண்டாம், பிரஷர் வோஷரும் வேண்டாம். ஏணியில் நின்றே செய்யுங்கள். பனலை மிதித்தால் கண்ணாடி தப்பினாலும் உள்ளே கலத்தில் கீறல் விழும்.

சரி, கழுவியும் ஏறவில்லையா? பனலைத் துணியால் மூடிவிட்டு வயர் இணைப்புகளைப் பாருங்கள், உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருக்கலாம். அப்புறம், வாடை மழைக்கு முன் பிராக்கெட் ஆணிகளைச் சுற்றியுள்ள சீலன்ற் வெடித்திருந்தால் புதிதாகப் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் மெத்தையில்தான் ஒழுகும்.