பைத்தான் அடிப்படை மட்டும் தெரிந்தவர் டேட்டாபேஸ் வைத்து வங்கி புரோகிராம் எழுத எங்கே தொடங்கலாம்?

பைத்தானில் லூப், ஃபங்ஷன் எல்லாம் வருகிறது, அடுத்து டேட்டாபேஸ் வைத்து ஒரு சின்ன வங்கி புரோகிராம் எழுத வேண்டும், எங்கே கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பயிற்சியாக நான் கொடுப்பதும் இதே புரோகிராம்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்த டேட்டாபேஸ் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எஸ்க்யூலைட் போதும். பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலும் இது உண்டு. அந்தப் பாடம் படித்தவர் என்றால் கிரியேட், இன்செர்ட், செலக்ட் போன்ற எஸ்க்யூஎல் (டேட்டாபேஸோடு பேசும் மொழி) கட்டளைகள் எல்லாம் ஏற்கெனவே பழகியிருக்கும்.

பெரும்பாலான மாணவர் ப்ராஜெக்டுகளில் மெனு பிரமாதமாக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு என்று ஒரே ஒரு டேபிள், அதில் இருப்பு என்று ஒரு நெடுவரிசை. பணம் போட்டால் அந்த எண்ணைக் கூட்டுவார்கள், எடுத்தால் கழிப்பார்கள், அவ்வளவுதான். இப்படிச் செய்யாதீர்கள். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். தேதி, விவரம், வரவு, பற்று என்று வரிவரியாக இருக்கும், அந்த வரிகளைக் கூட்டினால் வருவதுதான் இருப்பு. உங்கள் டேபிளும் அப்படியே இருக்கட்டும். கணக்குக்கு ஒரு டேபிள், பதிவுகளுக்கு ஒரு டேபிள். பதிவில் கணக்கு எண், தொகை, நேரம், விவரம், எந்தப் பரிவர்த்தனையைச் சேர்ந்தது என்கிற எண். ஒரு பதிவை எழுதிய பிறகு அதைத் திருத்தவும் கூடாது, அழிக்கவும் கூடாது. தப்பாகப் போட்டிருந்தால், அதே தொகையைக் குறி மாற்றி எதிர்ப்பதிவு போட வேண்டும்.

இதனால் என்ன லாபம் என்பதற்கு வட்டியே நல்ல உதாரணம். முன்பெல்லாம் சேமிப்புக் கணக்கில் மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் இந்திய வங்கிகள் தினசரி இருப்பின் மேல் வட்டி கணக்கிடுகின்றன. இருப்பு என்று ஒற்றை எண்ணை மட்டும் வைத்திருந்தால், போன செவ்வாய்க்கிழமை எவ்வளவு இருந்தது என்று எங்கே போய்த் தேடுவது? பதிவுகள் இருந்தால் அந்தத் தேதி வரை கூட்டினால் போதும்.

அப்புறம், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும். ‘கேஷ்’ என்று வங்கியின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள். செல்வி 1000 ரூபாய் கட்டினால் செல்வி கணக்கில் +1000, கேஷ் கணக்கில் −1000. பணம் உள்ளே வரும்போது கேஷில் ஏன் மைனஸ் என்று முதலில் குழப்பும். செல்வியின் கணக்கில் இருப்பது வங்கி அவருக்குத் தர வேண்டிய பணம், கல்லாவில் இருப்பது வங்கியின் கையில் உள்ள பணம், அதனால் குறி மாறுகிறது. இது 1494இலேயே வெனிஸில் அச்சேறிவிட்ட இரட்டைப் பதிவு முறைதான், பி.காம். படித்த நண்பர் யாராவது இருந்தால் பத்து நிமிடத்தில் விளக்கிவிடுவார். இப்படி எழுதினால் பதிவு டேபிளில் உள்ள எல்லாத் தொகைகளையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையா, எங்கோ பிழை. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து கிடையாது.

இனி முக்கியமான இடம், ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் ஃபங்ஷன். குமார் கணக்கில் 5000, செல்வி கணக்கில் 200 என்று வையுங்கள். குமார் 1500 அனுப்புகிறார். ஒரு இன்செர்ட்டில் குமாருக்கு −1500, அடுத்ததில் செல்விக்கு +1500. இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு எர்ரரைக் கிளப்பிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஆரம்பத்தில் பலரும் ஒவ்வொரு இன்செர்ட்டுக்கும் கீழே ஒரு கமிட் (எழுதியதை நிரந்தரமாகச் சேமிக்கும் கட்டளை) போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டிருந்தால் குமாரிடம் 3500, செல்வியிடம் அதே 200. 1500 ரூபாயைக் காணோம், மொத்தக் கூட்டல் −1500 என்று காட்டும். இப்போது நடுவில் உள்ள கமிட்டை எடுத்துவிட்டு, இரண்டும் முடிந்த பிறகு ஒரே கமிட், எர்ரர் வந்தால் ரோல்பேக் (கமிட் ஆகாததை எல்லாம் ரத்து செய்யும் கட்டளை) என்று மாற்றுங்கள். மறுபடி ஓட்டினால் 5000, 200, கூட்டல் பூஜ்யம். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது, டிரான்ஸாக்ஷன் என்றால் இதுதான். இந்தத் துறையில் செய்த வேலைக்காகத்தான் கணினி அறிஞர் ஜிம் கிரேக்கு 1998இல், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. பாடமாகப் படிப்பதைவிட, பணம் காணாமல் போவதையும் திரும்பி வருவதையும் உங்கள் திரையிலேயே பார்த்துவிடுங்கள். மறக்கவே மறக்காது.

அது சரியானதும் இரண்டு டெர்மினல் திறந்து, இரண்டிலும் புரோகிராமை ஓட்டுங்கள். ஒரே கணக்கில் 1000 இருக்கிறது, இரண்டு பக்கமும் 800 எடுக்க வேண்டும். இருப்பைச் சரிபார்க்கும் வரிக்கும் பதிவு எழுதும் வரிக்கும் நடுவில் மூன்று விநாடி தூங்க விடுங்கள். இரண்டும் 1000 இருப்பதாகப் பார்க்கும், இரண்டும் கொடுத்துவிடும், கணக்கு −600இல் நிற்கும். இதற்கு மருந்து, இருப்பைப் பார்ப்பதற்கு முன்பே ‘பிகின் இமீடியட்’ என்று டிரான்ஸாக்ஷனைத் தொடங்குவது. முதலில் வந்தவர் முடிக்கும்வரை இரண்டாவது காத்திருக்கும். பைத்தானில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 5 விநாடி, அதற்கும் மேல் போனால் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று எர்ரர் வரும். பயப்பட வேண்டாம், மறுபடி முயலச் சொல்லி ஒரு செய்தி காட்டினால் போதும்.

சில சின்ன விஷயங்கள். தொகையை ரூபாயில் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணக்கு எண் டெக்ஸ்ட்டாக இருக்கட்டும், எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். பின் நம்பரை அப்படியே எழுதி வைக்காதீர்கள், பைத்தானோடு வரும் ஹாஷ்லிப் மாட்யூலில் உள்ள எஸ்க்ரிப்ட் போன்ற ஒன்றால் ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி) வையுங்கள். எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை (பதிவில் உள்ள கணக்கு எண் கணக்கு டேபிளில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது) வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் பிராக்மா கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். பயனர் தட்டுவதை எஸ்க்யூஎல் வரியோடு ஒட்டாமல், அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள், ஒட்டினால் அவர் தட்டியதே கட்டளையாக ஓடிவிடலாம். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஏடிஎம் கார்டும் சேர்க்க ஆசை என்றால், ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கடைசி இலக்கச் சோதனையை, அதாவது கடைசி இலக்கத்தை வைத்து கார்டு எண் சரிதானா என்று பார்க்கும் முறையை, எழுதிப் பாருங்கள். எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினால் உடனே பிடித்துவிடும், பத்து வரி புரோகிராம்தான், எழுதவும் சுவாரசியமாக இருக்கும்.

டிகிண்டரோ (ஜன்னல், பட்டன் செய்ய) ஃப்ளாஸ்கோ (வலைப்பக்கம் செய்ய) வைத்து அழகான முகப்பு செய்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் போடு, எடு, அனுப்பு என்ற மூன்று ஃபங்ஷன்களுக்குள்ளும் பிரிண்ட், இன்புட் எதுவும் இல்லாமல் எழுதியிருந்தால், முகப்பு மாறும்போது அவற்றில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்காது.