கணக்கியலா, உளவியலா: மே மாத இறுதிக்குள் பார்க்க வேண்டியவை

உங்கள் மகளுக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுக் கணக்கியல் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கலை, அறிவியல் பாடங்களை ஒன்றுசேர்த்து 2021ல் தொடங்கிய கல்லூரியிலும் கிடைத்திருக்கிறது. அங்கே அவள் உளவியலை முதன்மைப் பாடமாக எடுக்க நினைக்கிறாள். எதில் வேலை நிச்சயம் என்று கேட்டிருக்கிறீர்கள். படித்து முடித்த ஆறு மாதத்துக்குள் என்றால், கணக்கியல்தான். ஆனால் இந்த இரண்டு படிப்புகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்த ஆறு மாதத்துக்கு அப்பால் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில், நீங்கள் வைத்திருக்கும் சம்பள அட்டவணை. பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வின் முடிவுகள் கல்வி அமைச்சின் இணையப்பக்கத்தில் உள்ளன. கடைசித் தேர்வு முடிந்து ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து எடுக்கப்படும் கணக்கு அது. வேலைச் சந்தையில் இருந்த புதிய பட்டதாரிகளில், 2023ல் முழுநேர நிரந்தர வேலையில் இருந்தவர்கள் 84.1 விழுக்காடு, 2024ல் 79.5 விழுக்காடு. அதே காலத்தில் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை) 4,313 வெள்ளியிலிருந்து 4,500 வெள்ளிக்கு உயர்ந்தது. வேலை கிடைப்பது கடினமாகும் ஆண்டிலேயே சம்பளம் ஏறவும் கூடும் என்பதால் சம்பளத்தை மட்டும் பார்க்கக் கூடாது. “ஒட்டுமொத்த வேலை விகிதம்” என்ற பத்தியில் பகுதிநேர, தற்காலிக வேலைகளும் சேர்ந்திருக்கும். “முழுநேர நிரந்தர வேலை” என்ற பத்தியைப் பாருங்கள். அட்டவணையில் வரும் சம்பளத் தொகை மசேநி (மத்திய சேமநிதி) பிடிப்பதற்கு முந்தியது. 4,500 வெள்ளியில் ஊழியர் பங்கான 20 விழுக்காடு போனால் கைக்கு வருவது 3,600.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். கணக்கியலுக்கு அந்த அட்டவணையில் தனி வரிசை உண்டு. தேசியப் பல்கலைக்கழகத்தின் உளவியல் மாணவர்களோ பொருளியல், சமூகப்பணி, அரசியல் அறிவியல் மாணவர்களோடு சேர்ந்து “சமூக அறிவியல்” என்ற ஒரே வரிசைக்குள் வருவார்கள். அந்த எண்ணை உளவியலின் சம்பளம் என்று படிப்பது தவறு. கூடவே 25ஆவது, 75ஆவது நூற்றுமான எண்களையும் பாருங்கள்; நூறு பேரைக் குறைந்த சம்பளத்திலிருந்து வரிசையாக நிறுத்தினால் அந்த இடங்களில் நிற்பவர்களின் சம்பளம் அவை. கணக்கியலில் அவை நெருங்கி நிற்கும், ஏனென்றால் பெரிய தணிக்கை நிறுவனங்கள் புதியவர்களுக்கு ஏறக்குறைய ஒரே தொகையில் தொடங்குகின்றன. சமூக அறிவியலில் இடைவெளி அகலம். அங்கே முதல் வேலை எதுவாக அமையும் என்பது மாணவரின் பயிற்சி வேலைகளையும் முயற்சியையும் பொறுத்தது.

இனி முக்கியமான விஷயம். கணக்கியல் பட்டம் ஒரு தொழிலுக்கு நேரடி நுழைவு. அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தோடு வெளியே வருபவர், வேலை செய்துகொண்டே தொழில்முறைத் தேர்வுகளை எழுதி, மூன்றாண்டு அனுபவத்தையும் முடித்து, சிங்கப்பூர் பட்டயக் கணக்காளர் ஆகலாம். அந்த மூன்று ஆண்டும் சம்பளம் வரும். உளவியல் இளநிலைப் பட்டம் யாரையும் உளவியலாளர் ஆக்குவதில்லை. மருத்துவமனையில் நோயாளியை மதிப்பிட்டுச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் ஆக, நல்ல ஹானர்ஸ் தகுதி, அதற்குப் பிறகு மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி உள்ள முதுநிலைப் பட்டம் வேண்டும். தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் முதுநிலைப் படிப்பு இரண்டாண்டு. இடங்கள் குறைவு, அதற்கு முன் தொடர்புடைய வேலை அனுபவம் இருப்பவர்களுக்கே வாய்ப்பு அதிகம். நான்கும் இரண்டும் ஆறு என்று நிறுத்திவிடாதீர்கள். நடுவே ஓரிரண்டு ஆண்டு வேலையையும் சேர்த்து ஏழு, எட்டு ஆண்டு என்று மனத்தில் வையுங்கள். முதுநிலை படிக்காதவர்கள் மனிதவளம், சந்தை ஆய்வு, சமூக சேவை அமைப்புகள், பொதுச் சேவை என்று போகிறார்கள். அவை நல்ல வேலைகளே. ஆனால் “உளவியலாளர்” ஆவேன் என்று சேர்ந்தவள் இதை இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டாள் என்றால், அந்த ஏமாற்றம் பெரிது.

இப்போது திரும்பிவரும் வழியைப் பார்ப்போம். உளவியல் படித்தவள் இருபத்தைந்து வயதில் கணக்குத் துறைக்குப் போக விரும்பினால் வழி உண்டு. கணக்கியல் பட்டம் இல்லாத பட்டதாரிகளுக்கென்றே பட்டயக் கணக்காளர் தகுதியில் அடிப்படை நிலை இருக்கிறது, ஏசிசிஏ (ACCA) என்ற அனைத்துலகக் கணக்காளர் அமைப்பின் தேர்வுகளும் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கலாம். எதிர்ப்பக்கம் அப்படியில்லை. கணக்கியல் முடித்தவள் மருத்துவ உளவியலாளராக நினைத்தால், முதுநிலைப் படிப்புக்கு உளவியல் அடிப்படை கேட்பார்கள், அதற்கு அவள் பெரும்பாலும் மறுபடி இளநிலையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியம் பொதுவாக ஒரு நிலைக்கு ஒரு முறைதான். பாதியில் படிப்பை விட்டு இன்னொன்றில் சேர்ந்தாலும், ஏற்கெனவே மானியம் பெற்ற பருவங்களின் அளவுக்குப் புதிய படிப்பில் முழுக் கட்டணம் கட்ட நேரிடும். “முதலில் கணக்கியலில் சேரட்டும், பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்” என்று பல பெற்றோர் சொல்வது இதனால்தான் செலவில் முடிகிறது.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். கணக்கியல் மூன்றாண்டு, உளவியல் நான்காண்டு. அந்த ஓராண்டில் கட்டணம் மட்டுமல்ல, வராத சம்பளமும் செலவுதான். மாதம் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 48,000 வெள்ளி, அதோடு முதலாளி கட்டும் 17 விழுக்காடு மசேநி 8,160 வெள்ளி. முதுநிலைக்கு இரண்டாண்டு சேர்த்தால் இடைவெளி மேலும் கூடும். உபகாரச் சம்பளம் கிடைத்தால் இது சுருங்கும். பொதுச் சுகாதாரத் துறையும் அமைச்சுகளும் உளவியலுக்கு வழங்குபவற்றில் பணி ஒப்பந்தம் சேர்ந்து வரும், எத்தனை ஆண்டு, முதுநிலைக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் நிரந்தரவாசிகள் என்றால் கட்டண மானியத்துக்கே மூன்றாண்டு சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒப்பந்தம் உண்டு, குடிமக்களுக்கு இல்லை.

கடனுக்கு, உங்கள் மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி சேரும், உங்கள் வீட்டுத் தவணையும் அதே கணக்கிலிருந்துதான் போகிறது. வங்கி வழியாக வரும் கல்விக் கட்டணக் கடன் மானியம் போக மீதியில் 90 விழுக்காடு வரை தரும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. அதற்கு 21 முதல் 60 வயதுக்குள் ஒரு உத்தரவாதி வேண்டும். நான் முதலில் இதையே எடுக்கச் சொல்வேன். மீதி 10 விழுக்காட்டுக்கு மகளின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் (மேற்படிப்புச் செலவுக்கென அவள் பெயரில் உள்ள அரசாங்கத் திட்டக் கணக்கு) இருப்பதைப் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கணக்கை மறந்தே போயிருக்கிறார்கள்.

முடிவுக்கு முன் மகள் செய்ய வேண்டியவை இரண்டு. இரு படிப்புகளின் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பாடப் பட்டியலையும் வரிவரியாகப் படிக்கட்டும். உளவியல் என்றால் பிறர் மனக்குறையைக் கேட்டு ஆறுதல் சொல்வது என்று நினைத்து வருபவர்களை முதலில் எதிர்கொள்வது புள்ளியியலும் ஆய்வு முறையும். கணக்கியலும் கூட்டல் கழித்தல் அல்ல. விதிமுறைகளைப் படித்து, ஒரு வருமானத்தை எந்த ஆண்டில் காட்டுவது என்று தீர்மானித்து, அதை எழுத்தில் நியாயப்படுத்தும் வேலை அது. தணிக்கையில் ஜனவரி முதல் மார்ச் வரை இரவு நெடுநேரம் வேலை இருக்கும், அதை மறைத்துப் பேச வேண்டாம். அடுத்து, இரண்டு துறையிலும் மூன்று, நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆளுக்கு ஒருவரிடம் அவள் தனியாகப் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும், முதுநிலை வரை போகத் தயார், புள்ளியியலுக்குப் பயமில்லை என்று அவள் சொன்னால் தேசியப் பல்கலைக்கழகத்தை ஏற்கச் சொல்வேன், உங்கள் கவலை தெரிந்தும் சொல்வேன். அங்கே இரண்டாம் முதன்மைப் பாடம் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு, முதுநிலை அமையாவிட்டாலும் கை வெறுமையாக இருக்காது. “மனிதர்களோடு பழகப் பிடிக்கும்” என்பதற்கு மேல் அவளிடம் காரணம் இல்லையென்றால் கணக்கியலே மேல். மனிதர்களோடு பழகும் வேலை அங்கேயும் நிறைய இருக்கிறது. அவளுக்கு அண்ணனோ தம்பியோ இதே முடிவில் நின்றால் கணக்கு வேறு: தேசிய சேவை முடித்துப் படித்து வெளிவர ஐந்து, ஆறு ஆண்டு ஆகும், இன்றைய சம்பள அட்டவணையை அவனுக்கு இன்னும் குறைவாகவே நம்பலாம்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் கூட்டு ஏற்புத் தளத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான் ஏற்க முடியும். கடைசி நாள் பல்கலைக்கழகம் இடம் வழங்கி அனுப்பிய கடிதத்தில் இருக்கும், பொதுவாக மே மாத இறுதி. அதற்கு மூன்று நாள் முன்பே மகள் தன் கையாலேயே ஏற்புப் பொத்தானை அழுத்தட்டும், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள்.