உதைக்கு முன்பே முந்திக்கொள்ளும் தோள்

கேள்வி: கல்லூரி என்.சி.சி.யில் இருக்கிறேன். பாயிண்ட் 22 என்ற சிறிய ரைபிளில் குரூப்பிங் நன்றாக வரும், அதாவது குண்டுகள் நெருக்கமாக விழும். முகாமில் எஸ்.எல்.ஆர். என்ற பெரிய ரைபிளைச் சுட்டபோது மட்டும் குண்டுகள் சிதறி, பெரும்பாலும் கீழேயே போயின. "பயப்படாதே, கெட்டியாகப் பிடி" என்கிறார்கள். எனக்குப் பயமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பயமில்லை என்பதை நம்புகிறேன். சுடும்போது ரைபிள் தோளில் பின்னால் தள்ளும் உதையை உடம்பு எதிர்பார்க்கப் பயம் தேவையே இல்லை. பாயிண்ட் 22 குண்டு இரண்டரை கிராம் சொச்சம், எஸ்.எல்.ஆரின் 7.62 குண்டு 9 கிராமுக்கு மேல், வேகமும் இரண்டு மடங்கைத் தாண்டும். முதல் ரவுண்டிலேயே (தோட்டாவிலேயே) தோளும் காதும் இதைக் குறித்துக்கொள்ளும். அடுத்ததில் விரல் டிரிகரை அழுத்தும்போதே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், பேரல் முனை தாழும்.

ரவுண்டு வெடித்ததும் குண்டு பேரலைக் கடக்க ஆகும் நேரம் ஏறக்குறைய வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ரைபிள் பின்னால் வருவது ஓரிரு மில்லிமீட்டர்தான். சத்தத்தைக் கேட்டு உடம்பு அசைய இதைப்போல நூறு மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். ஆக, உதை உங்களுக்கு உறைக்கும்போது குண்டு எப்போதோ போய்விட்டது. குறியைக் கெடுத்தது அதற்கு முன் நீங்கள் செய்த அசைவு. இன்னும் இறுக்கிப் பிடித்தால் விறைப்புதான் கூடும்.

முதலில் அந்த அசைவை நீங்களே பார்க்க வேண்டும். பயிற்சியாளரிடம் சொல்லி, மேகசினில் நல்ல ரவுண்டுகளுக்கு நடுவே வெடிக்காத டம்மி ரவுண்டுகளை உங்களுக்குத் தெரியாமல் கலக்கச் சொல்லுங்கள். டம்மி வரும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். உதைக்காத ரைபிளின் முனை தலைகுனிவது அப்பட்டமாகத் தெரியும். பலருக்குச் சிரிப்பே வந்துவிடும். பயிற்சியாளர் டார்கெட்டைப் பார்க்காமல் உங்கள் கண்ணிமையைக் கவனிப்பது இன்னும் நல்லது. முனை அசையாமல் 'டிக்' கேட்கும்வரை இதைத் தொடருங்கள். என் அனுபவத்தில் இதற்கு ஈடான பயிற்சி வேறில்லை.

அப்புறம், காலி ரைபிளில் பயிற்சி. ரவுண்டு உட்காரும் சேம்பரை இரண்டு முறை சரிபார்த்து, பக்கத்தில் ஒரு ரவுண்டுகூட இல்லாத இடத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும். பேரல் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாதபடி டிரிகரை மெல்ல அழுத்துங்கள். 'டிக்' கேட்ட பிறகும் விரலை உடனே விடாமல், பேரல் முனையில் உள்ள குறிமுள்ளான ஃபோர்சைட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாயிண்ட் 22-ஐ வெறுமனே இப்படி அடிக்கக் கூடாது. ரவுண்டை அடிக்கும் ஃபயரிங் பின், சேம்பர் விளிம்பில் பட்டு அதைக் கெடுக்கலாம். அதற்கென உள்ள டம்மியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காதை மறந்துவிடாதீர்கள். பலர் திடுக்கிடுவது உதைக்கில்லை, வெடிச் சத்தத்துக்கு. பஞ்சு போதாது, காதடைப்பான் வைத்து, அதன் மேல் இயர்மஃபும் போடுங்கள். ரைபிளின் பின்கட்டையான பட், தோள்குழியில் இடைவெளி இல்லாமல் பதியட்டும், எலும்பின் மேலோ கையின் மேலோ அல்ல. தொளதொளவென்று வைத்தால்தான் உதை அடியாக மாறும். தோள் வலித்தால் அன்றைக்கு எஸ்.எல்.ஆரை நிறுத்திவிட்டு, பாயிண்ட் 22-இல் சில ரவுண்டுகள் சுடுங்கள். வலியோடு சுடுவது திடுக்கிடும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

டம்மியில் முனை ஆடவே இல்லை, ஆனாலும் குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கீழேதான் விழுகின்றன என்றால் சங்கதி வேறு. அந்த ரைபிளின் சைட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.