அக்காவின் மனு நிலுவையில் இருக்கும்போது பி2 விசா

வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அக்கா உங்களுக்காக ஐ-130 என்ற குடும்பக் குடியேற்ற மனு போட்டிருக்கிறார். அவர் மகள் திருமணத்துக்குப் போக பி2 என்னும் சுற்றுலா விசா கேட்கலாமா, ஏஜெண்ட் சொன்னபடி மனுவைச் சொல்லாமல் விடலாமா என்கிறீர்கள்.

தாராளமாக விண்ணப்பிக்கலாம். மறைக்கும் யோசனையை மட்டும் இப்போதே கைவிடுங்கள். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு அளித்திருக்கிறார்களா என்று டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவமே கேட்கிறது. ‘ஆம்’ என்று குறித்து, யார், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். மனு அமெரிக்க அரசின் பதிவிலேயே இருக்கிறது. பொய் பிடிபட்டால் நிரந்தரத் தடை வரை போகும்; பின்னாளில் கிரீன் கார்டும் கைநழுவும். மறைக்கச் சொன்ன ஏஜெண்டுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, திரும்பி வருவேன் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீங்கள் சுமந்துபோகும் ஆவணக் கோப்பை அதிகாரி திறக்காமலே விடலாம். எனவே வேலை, விடுப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைத் தயங்காமல் வாயால் சொல்லப் பழகுங்கள். மனுவைப் பற்றிக் கேட்டால், உடன்பிறந்தோர் பிரிவில் இந்தியர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது, முறை வரும்போது முறைப்படி வருவேன், இப்போது திருமணத்துக்கு மட்டும் என்று சொல்லுங்கள்.

மறுத்தால் கட்டணம் திரும்பாது. அந்த மறுப்பால் அக்காவின் மனுவுக்குப் பாதிப்பில்லை.