ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி: என் ஆம்ப்ளிஃபயர் வாங்கி 12 வருஷம் ஆகிறது. இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?

பதில்: என்ன மாடல், தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஒன்றுமே எழுதாமல் ஆயுள் மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? பொதுவாக நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பெரிய செலவு வைக்காமல் 20 வருஷம் ஓடும். சுற்றிலும் காற்றுப் போக இடம் இருந்தால்.

கேள்வி: வூஃபர் (கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) ஓரத்து ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. புது ஸ்பீக்கர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஃபோம் 15 வருஷத்தில் உதிரத்தான் செய்யும், பொத்திப் பொத்தி வைத்திருந்தாலும். ஓரத்தை மட்டும் மாற்றினால் போதும். அதுவரை அந்த ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள். நடுவில் உள்ள கூம்பு (கோன்) கோணலாக ஆடி, அதை அசைக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) உரசிவிட்டால் வூஃபரே போய்விடும்.

கேள்வி: ஏவி ரிசீவர் (டிவியையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கும் ஆம்ப்ளிஃபயர்) 4 வருஷத்துக்குள் இரண்டாம் முறை ரிப்பேர். தூசு படாமல் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள்தான் வைத்திருக்கிறேன். அதன் மேல் செட்டாப் பாக்ஸ் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் வாரம் ஒருவர் ரிசீவரை அலமாரிக்குள் பூட்டிவிட்டுத்தான் கடிதம் எழுதுகிறார். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரைப் பாருங்கள். சாதாரண ரகம் 105 டிகிரி வெப்பத்தில் 2000 மணி நேரம்தான் தாங்கும். ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும். அதாவது 65 டிகிரியில் சுமார் 32,000 மணி, தினம் 5 மணி நேரம் கேட்டால் 17 வருஷம். கதவைச் சாத்தி உள்ளே 75 டிகிரி ஆக்கினால் அது பாதியாகிவிடும். ஸ்டாண்ட்பையில் விட்டாலும் ஒரு சின்ன பவர் சப்ளை இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் சாவது பெரும்பாலும் அதுதான். மேல்மூடியில் துளைகள் அழகுக்கு இல்லை, சூடு வெளியேற. செட்டாப் பாக்ஸை இன்றைக்கே எடுங்கள். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், பின்பக்கமும் திறந்திருக்கட்டும். தூசியை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடலாம், வெந்துபோன போர்டை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ஆன் செய்ததும் இடது பக்கம் சத்தமே வருவதில்லை. வால்யூமைக் கூட்டினால் படக்கென்று வந்துவிடுகிறது.

பதில்: ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சான ரிலேயின் காண்டாக்ட் கறுத்திருக்கும். ரிலேயை மாற்றினால் சரியாகிவிடும். அதற்குமுன் ஆஃப் செய்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபயர் பக்கம்தான்.

கேள்வி: டர்ன்டேபிள் ஊசி வைரம்தானே, எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: வைரமும் தேயும். 500 முதல் 1000 மணி நேரம். தேய்ந்த ஊசி இசைத்தட்டின் பள்ளத்தையே அறுத்துவிடும்.

கேள்வி: பயன்படுத்தாமல் மூடி வைத்தால் ஆயுள் கூடுமா?

பதில்: கூடாது. டர்ன்டேபிள் பெல்ட் விறைத்துப்போகும், வால்யூம் குமிழ் கரகரக்கும், கெப்பாசிட்டர் வலுவிழக்கும். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரமாவது பாட்டுக் கேளுங்கள். மூடியிருக்கும் துணியை எடுத்துவிட்டு.

கேள்வி: 3 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி எரிகிறது. 10 ஆம்பியர் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.