‘கட்டுப்படும்’ என்று அறிக்கை வந்தும் தொற்று திரும்பியது ஏன்?

குடியாத்தம் நண்பருக்கு வணக்கம். உங்கள் தாயாரின் சிறுநீர்க் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ஈ.கோலை என்னும் பாக்டீரியா சிப்ரோஃப்ளாக்ஸசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படும் என்றிருந்தும், மாத்திரை முடிந்தபின் அதே கிருமி திரும்பியிருப்பதால், ஆய்வகம் தவறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அறிக்கை சரியாகவே இருக்கலாம். பெருகிக்கொண்டிருக்கும் கிருமியை மருந்து தடுக்கிறதா என்பதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும். வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உயிரோடிருக்கும் சிலவற்றை அது காட்டாது. பெனிசிலினுக்குத் தப்பி எஞ்சும் இத்தகைய கிருமிகளை நுண்ணுயிரியலாளர் ஜோசப் பிக்கர் 1944ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார்.

சிப்ரோஃப்ளாக்ஸசின் கிருமியின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. அந்தச் சேதத்தை உணரும் ரெக்ஏ என்னும் புரதம், லெக்ஸ்ஏ என்னும் அடக்கிப் புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளத் தூண்டுவதால், அதுவரை அடங்கியிருந்த பழுதுபார்க்கும் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அவற்றோடு டிஸ்பி என்னும் சிறு நச்சுப் புரதமும் உருவாகி, செல்சவ்வின் ஆற்றலைக் குறைத்து, சில செல்களை உறக்கநிலைக்குத் தள்ளுகிறது. கொல்ல வந்த மருந்தே பிழைக்கும் வழியையும் திறந்துவிடுவது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இதற்கு மரபணுவில் மாற்றம் தேவையில்லை என்பதால், மருந்து நின்றபின் அந்தச் செல்கள் விழித்துப் பெருக்கும் சந்ததியும் மறுசோதனையில் ‘கட்டுப்படும்’ என்றே காட்டும்.

உங்கள் தாயாருக்கு நேர்ந்தது இதுதான் என்று அறிக்கையை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது. சிறுநீரகக் கல், சர்க்கரை நோய், புதிய தொற்று ஆகியவையும் காரணமாகலாம். மீந்த மாத்திரைகளைக் கொடுக்காமல், அறிக்கைகள் அனைத்தையும் வேலூரில் ஒரு சிறுநீரியல் மருத்துவரிடம் காட்டி, ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். குளிர்காய்ச்சலோ விலாவலியோ வந்தால் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.