வெந்நீரில் கொப்பளித்தால் ஈறுக் கிருமி சாகுமா?

கேள்வி: பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. டாக்டர் 6 மில்லிமீட்டர் பாக்கெட் இருக்கிறது, ஸ்கேலிங் (பல்லில் படிந்து இறுகிய காரையைச் சுரண்டி எடுப்பது) செய்தே ஆக வேண்டும் என்கிறார். கிருமி சூட்டில் செத்துவிடுமே, தினமும் உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்தால் போதாதா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: போதாதும்மா. கொப்பளிப்பது இதமாக இருக்கும், செய்யுங்கள். ஆனால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் வரை இடுக்கு இருப்பது சகஜம், அது ஆழமானால்தான் பாக்கெட் என்பார்கள், உங்களுக்கு 6, அந்த ஆழத்துக்குத் தண்ணீர் சரியாக இறங்காது. இறங்கினாலும் வாய் பொறுக்கிற சூட்டுக்கு அங்கே இருப்பது சாகாது.

அங்கே இருக்கும் கிருமிகளில் மோசமானது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். ஈறு வீங்கினால் அந்த இடமே சூடாகும், நம் வெள்ளை அணுக்களும் சேர்ந்து தாக்கும், அந்த நெருக்கடியிலேயே குடித்தனம் நடத்துகிற கிருமி இது. சூடு ஏறினால் எந்தச் செல்லிலும் புரதங்கள் மடிப்புக் குலைந்து, வேகிற முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுப்பவைதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். இப்படி ஒரு ஏற்பாடு உயிர்களிடம் இருப்பதைப் பழ ஈக்களைச் சூடாக்கிப் பார்த்த இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா 1962-ல் எழுதினார். நம் ஈறுக் கிருமியிடம் க்ரோ-இஎல் என்று ஒன்று உண்டு: ஏழு ஏழாக 14 துண்டுகள் சேர்ந்த இரட்டை வளையம், நடுவே குழி, குலைந்த புரதத்தை உள்ளே வாங்கி, இன்னொரு புரதம் மூடியாக வந்து உட்கார, அந்தப் புரதம் சரியாக மடிய இடம் கொடுத்து, பிறகு வெளியே விட்டுவிடும். எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் பிரமிப்புதான்.

இன்னொன்று. இதன் உறவுக்காரப் புரதம் நம் செல்களிலும் இருக்கிறது, அமைப்பில் நிறைய ஒற்றுமை. அதனால் கிருமியுடையதை எதிர்த்து உண்டாகும் எதிர்ப்பொருள் நம்முடையதிலும் போய் ஒட்டலாம், ரத்தக்குழாய் அடைப்புக்கு இதுவும் ஒரு காரணமோ என்று ஆராய்கிறார்கள். ஈறு நோய்தான் மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்று நிரூபணமாகவில்லை, பயப்படாதீர்கள். சர்க்கரை இருந்தால் மட்டும் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள், ஒன்று மற்றதை மோசமாக்கும்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், நம்பாதீர்கள். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை அரிப்பது நோய்தான், காரையை எடுத்தால்தான் அது நிற்கும். செலவுதான் தயக்கம் என்றால் கோட்டை ரயில் நிலையம் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செய்த பிறகு சில நாள் பல் கூசும், அதற்காக அடுத்த முறை போகாமல் இருந்துவிடாதீர்கள்.